பாடம் முதலில், கணினி கடைசியில்

கலந்தாய்வு முடிந்து கல்லூரி உறுதியானதும் பல வீடுகளில் அடுத்த வேலை லேப்டாப் வாங்குவது. ராம் எத்தனை ஜிபி, எஸ்எஸ்டி எவ்வளவு, ஐ5 போதுமா ஐ7 வேண்டுமா என்று கடையில் துருவித் துருவிக் கேட்கிறோம். எடையையும் நிறத்தையும்கூடப் பார்க்கிறோம். ஆனால், அதில் எந்த இயங்குதளம் ஓடப்போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. பெட்டியைத் திறக்கும்போது எது இருந்ததோ, அதுவே படிப்பு முடியும்வரை இருந்துவிடுகிறது.

ராமைப் பல லேப்டாப்களில் பிறகு கூட்டிக்கொள்ளலாம். ஆனால், உங்கள் துறைக்குத் தேவையான மென்பொருள் அந்தக் கணினியில் ஓடவே ஓடாது என்று மூன்றாம் ஆண்டில் தெரியவந்தால், அதைச் சரிசெய்வது எளிதல்ல. அதனால் நாம் வழக்கமாகச் செய்யும் வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் பாடம். அந்தப் பாடத்துக்கு என்ன மென்பொருள்? அந்த மென்பொருளுக்கு எந்த இயங்குதளம்? அதற்குப் பிறகுதான், எந்தக் கணினி என்ற கேள்வி. இந்த வரிசை ஏன் சரி என்று புரிய, இயங்குதளம் உள்ளே என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒரு கோப்பைச் சேமிக்கும்போது

ஓர் ஆய்வகக் குறிப்பைத் தட்டச்சு செய்து, சேமிக்கும் பொத்தானை அழுத்துகிறீர்கள். நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளுக்கு அந்தக் கோப்பு எஸ்எஸ்டியில் எழுதப்படுகிறதா, பென்டிரைவில் எழுதப்படுகிறதா என்பதுகூடத் தெரியாது. வன்பொருளைத் தொடும் உரிமையே அதற்குக் கிடையாது. இன்றைய பிராசஸர்கள் குறைந்தது இரண்டு நிலைகளில் வேலை செய்கின்றன. ஒன்று, சாதாரண நிரல்கள் ஓடும் நிலை. மற்றது, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் ஓடும் நிலை. வட்டு, திரை, வைஃபை என்று எதைத் தொட வேண்டுமானாலும் நிரல் கெர்னலிடம்தான் கேட்க வேண்டும். இப்படிக் கேட்பதற்கு சிஸ்டம் கால் என்று பெயர்.

நிரல் அந்த அழைப்பை விடுத்த உடனே பிராசஸர் கெர்னல் நிலைக்கு மாறுகிறது. இந்தக் கோப்பில் எழுத இவருக்கு அனுமதி இருக்கிறதா, வட்டில் இடம் இருக்கிறதா என்று கெர்னல் பார்க்கிறது. எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதைக் கோப்பு முறைமை முடிவு செய்கிறது. அந்த எஸ்எஸ்டிக்குப் புரியும் கட்டளையாக அதை மாற்றித் தருகிறது டிரைவர். வேலை முடிந்ததும் கட்டுப்பாடு மறுபடி உங்கள் நிரலுக்கு வருகிறது. இதற்கு நடுவே, பாட்டு ஓடுவதற்கும் உலாவி இயங்குவதற்கும் மில்லி நொடிக் கணக்கில் நேரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதும் கெர்னல்தான். ஒவ்வொரு நிரலுக்கும் நினைவகத்தில் தனி இடம் ஒதுக்கி, ஒன்று மற்றதன் இடத்தில் கை வைக்காமல் காப்பதும் அதுவே. உலாவி செயலிழந்தாலும் நீங்கள் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை தப்பிப்பது இதனால்தான்.

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் இதே வேலைகளைத்தான் செய்கின்றன. ஆனால், நிரல்கள் அவற்றிடம் கேட்கும் முறை வேறு வேறு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பிராசஸர் ஒன்றுதான், ஏன் ஓடவில்லை?

ஒரே நிறுவனத்தின் ஒரே மாடல் லேப்டாப் இரண்டை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரே இன்டெல் பிராசஸர். ஒன்றில் விண்டோஸ், மற்றதில் உபுண்டு லினக்ஸ். விண்டோஸில் ஓடும் இஎக்ஸ்இ கோப்பை அப்படியே லினக்ஸ் கணினிக்குக் கொண்டுபோனால் ஓடாது. கூட்டல், பெருக்கல் கட்டளைகள் இரண்டு பிராசஸருக்கும் ஒன்றுதான். பிறகு எது தடுக்கிறது?

முதல் தடை, கோப்பின் முதல் இரண்டு பைட்டிலேயே இருக்கிறது. எந்த இஎக்ஸ்இ கோப்பைத் திறந்து பார்த்தாலும் அது எம், இசட் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். இந்தக் கோப்பு வடிவத்தை டாஸ் காலத்தில் வடிவமைத்த மைக்ரோசாப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள் அவை. லினக்ஸில் ஓடும் கோப்போ வேறோர் அடையாள பைட்டையும், அதை அடுத்து இ, எல், எஃப் என்ற மூன்று எழுத்துகளையும் கொண்டு தொடங்கும். இந்த அடையாளத்தை வைத்துத்தான் கோப்பை எப்படிப் பிரித்து நினைவகத்தில் ஏற்றுவது என்று இயங்குதளம் தெரிந்துகொள்கிறது.

இரண்டாவது தடை, அழைப்புகள். 64 பிட் இன்டெல் கணினியில் ஓடும் லினக்ஸில் எழுதுவதற்கான சிஸ்டம் காலின் எண் 1. விண்டோஸில் அந்த எண்ணுக்கு அந்தப் பொருள் கிடையாது. அங்கே நிரல்கள் நேரடியாக எண்ணைச் சொல்லிக் கேட்பதும் வழக்கமில்லை. விண்டோஸ் தரும் நூலகச் செயற்கூறுகள் வழியாகவே கேட்கின்றன. மெனு, பொத்தான், உரையாடல் பெட்டி, முப்பரிமாணப் படம் என எல்லாவற்றுக்கும் அந்த நூலகங்களையே நம்பியிருக்கும் மென்பொருளை வேறு இயங்குதளத்துக்கு மாற்ற வேண்டுமானால் பெரும்பகுதியைத் திருத்தி எழுத வேண்டும். வீட்டுக்கு வரும் மின்சாரம் ஒன்றுதான், ஆனால் பிளக்கின் முள்ளும் சுவரில் உள்ள துளையும் பொருந்தவில்லை என்பதைப் போன்ற நிலை இது.

இந்த இடைவெளியை நிரப்ப 1993-இல் தொடங்கிய முயற்சிதான் ஒயின். விண்டோஸ் அழைப்புகளை லினக்ஸ் அழைப்புகளாக மாற்றிக் கொடுக்கும் மென்பொருள் இது. விண்டோஸ் விளையாட்டுகள் பலவும் இன்று லினக்ஸில் ஓடுவது இந்த உழைப்பின் பயன். ஆனால், உரிமச் சோதனையும் சிக்கலான கிராபிக்ஸும் கொண்ட பொறியியல் மென்பொருள்களில் இதை நம்பி இறுதியாண்டு புராஜெக்டில் இறங்குவது ஆபத்து.

மேக்கில் இன்னொரு வேறுபாடும் சேர்கிறது. 2020 நவம்பரில் வந்த எம்1 சிப்பில் தொடங்கி ஆப்பிள் கணினிகள் ஆர்ம் வகைப் பிராசஸருக்கு மாறிவிட்டன. கட்டளைகளின் மொழியே வேறு. இன்டெல்லுக்காக எழுதப்பட்ட மேக் நிரல்களை ரொசெட்டா 2 மொழிபெயர்த்து ஓட்டுகிறது. விண்டோஸ் நிரல்களுக்கு அந்த வசதி பொருந்தாது. பழைய மேக்கில் விண்டோஸையும் பக்கத்தில் நிறுவிக்கொள்ள உதவிய பூட் கேம்ப் வசதியும் புதிய மேக்குகளில் இல்லை.

மூன்றும் வந்த வழி

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கினார்கள். 1973-இல் அது சி மொழியில் திருப்பி எழுதப்பட்டது. பல்கலைக்கழகங்கள் வழியாகப் பரவிய யூனிக்ஸ், ஒரு தலைமுறைக் கணினி மாணவர்களின் பாடமாகவே ஆனது. 1987-இல் ஆண்ட்ரூ டானன்பாம் மாணவர்கள் படித்துப் பார்ப்பதற்கென்றே மினிக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தை எழுதி, பாடநூலோடு வெளியிட்டார். அதைப் பயன்படுத்திய ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தம் 21-ஆம் வயதில், 1991 ஆகஸ்டில், புதிய இயங்குதளம் ஒன்றை எழுதி வருவதாக அறிவித்தார். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகள் அந்தக் கெர்னலோடு சேர்ந்தபோது, நாம் இன்று லினக்ஸ் என்று அழைக்கும் முழு அமைப்பு கிடைத்தது.

மேக்கும் யூனிக்ஸ் வழியில் வந்ததே. ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியபோது கிடைத்த யூனிக்ஸ் சார்ந்த அமைப்பின் மேல்தான் 2001-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தது. விண்டோஸின் கதை தனி. டேவ் கட்லர் தலைமையில் உருவாகி 1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்டியின் வாரிசுதான் இன்றைய விண்டோஸ் 11.

இந்த வரலாறு முதலாண்டு மாணவருக்கு எதற்கு என்றால், ஆய்வகத்தில் அது நேராக எதிர்ப்படும் என்பதால்தான். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் மாணவர்கள் இயங்குதள ஆய்வகத்தில் யூனிக்ஸ் கட்டளைகளையும் ஃபோர்க், எக்ஸெக், வெயிட் போன்ற சிஸ்டம் கால்களையும் செய்து பார்க்கிறார்கள். ஃபோர்க் என்பது ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன்னைத்தானே ஒரு நகல் எடுத்துக்கொள்ளும் அழைப்பு. ஒருமுறை அழைத்தால் இரண்டுமுறை விடை வரும். தாய் நிரலுக்குச் சேயின் அடையாள எண்ணும், சேய் நிரலுக்குச் சுழியமும் விடையாகக் கிடைக்கும். விண்டோஸில் ஃபோர்க் கிடையாது. அங்கே புதிய நிரலைத் தொடங்குவதற்கான அழைப்பே வேறு. அதனால் ஆய்வகத்தில் ஓடிய அதே சி நிரலை விடுதி அறைக்கு வந்து விண்டோஸில் கம்பைல் செய்தால் பிழைச்செய்திதான் வரும். மாணவர் நிரலில் தவறே இருக்காது. மேக்கிலும் லினக்ஸிலும் அது அப்படியே ஓடும்.

எந்தப் பாடத்துக்கு எது

கட்டடப் பொறியியலில் சேர்கிறவர்களுக்குத் தயக்கமே வேண்டாம், விண்டோஸ்தான். ஸ்டாட் புரோ, ஈடாப்ஸ், ரெவிட் மூன்றும் விண்டோஸுக்கு மட்டுமே வருகின்றன. ஆட்டோகேட் மேக்கிலும் கிடைக்கிறது, ஆனால் விண்டோஸ் பதிப்பில் உள்ள எல்லா வசதிகளும் அதில் இல்லை. இயந்திரப் பொறியியலின் சாலிட்வொர்க்ஸும் விண்டோஸ்தான். ஆன்சிஸ் லினக்ஸிலும் ஓடும் என்றாலும், அதன் இலவச மாணவர் பதிப்பு விண்டோஸுக்கே தரப்படுகிறது.

மின்னணுவியல் மாணவர்களுக்கு மேட்லேப் மூன்று இயங்குதளங்களிலும் உண்டு. எஃப்பிஜிஏ சிப்களை நிரலாக்க உதவும் விவாடோ விண்டோஸிலும் லினக்ஸிலும் மட்டும் ஓடும். மேக் வாங்கியவர்கள் இங்கே திண்டாடுவார்கள். ரோபோட்டிக்ஸில் பரவலாகப் பயன்படும் ராஸ், உபுண்டுவை முதன்மையாக வைத்தே உருவாக்கப்படுகிறது.

கணினி அறிவியல், செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் படிப்பவர்களுக்கு லினக்ஸ் அறிமுகம் கட்டாயம் வேண்டும். இணையத்தின் சர்வர்களில் பெரும்பகுதி லினக்ஸில் ஓடுகிறது. ஆண்ட்ராய்டு போனின் உள்ளே இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். என்விடியா கிராபிக்ஸ் அட்டையில் கூடா என்ற நிரலாக்கக் கருவியைக் கொண்டு பயிற்சி செய்ய நினைப்பவர்களுக்கு விண்டோஸ் அல்லது லினக்ஸ் தேவை. ஐபோன் செயலி உருவாக்கத்தில் இறங்குபவர்களுக்கு மேக் வேண்டும், ஏனென்றால் அதற்கான எக்ஸ்கோடு மென்பொருள் வேறெங்கும் ஓடாது.

இயற்பியல், வேதியியல், உயிரியல் மாணவர்கள் பயன்படுத்தும் பைத்தான், ஆர், லேடெக் எல்லாம் எதிலும் ஓடும். ஆனால், ஆராய்ச்சிக்குள் நுழையும் எண்ணம் இருந்தால் லினக்ஸ் கட்டளைகளைப் பழகத்தான் வேண்டும். உலகின் வேகமான 500 சூப்பர்கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸில் இயங்குபவை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பரம் பிரவேகாவும் லினக்ஸ் கணினியே. புரத மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடும் குரோமேக்ஸ் போன்ற கருவிகளை அங்கே கட்டளை வரியில்தான் ஓட்ட வேண்டும்.

வணிகவியலில் டேலி விண்டோஸுக்கானது. எக்செல் மேக்கிலும் உண்டு, ஆனால் பவர் பிவட் அதில் இல்லை. காட்சித் தொடர்பியலுக்கும் வடிவமைப்புக்கும் வந்தால், போட்டோஷாப், பிரீமியர் போன்ற அடோபி மென்பொருள்கள் விண்டோஸிலும் மேக்கிலும் உண்டு, லினக்ஸில் இல்லை. பிளெண்டரும் டாவின்சி ரிசால்வும் மூன்றிலும் ஓடும். இலக்கியம், வரலாறு, பொருளியல் போன்ற துறைகளில் பெரும்பாலும் எழுத்து, உலாவி, பிடிஎஃப் ஆகியவையே வேலை. அங்கே எந்த இயங்குதளமும் போதும். தமிழ்99 விசைப்பலகை மூன்றிலும் கிடைப்பதால் தமிழில் எழுதவும் தடையில்லை.

ஒரு பொது எச்சரிக்கை மட்டும் உண்டு. ஆன்லைன் தேர்வுகளின்போது வேறு எதையும் திறக்கவிடாமல் கணினியைப் பூட்டும் மென்பொருள்கள் பல லினக்ஸுக்கு வருவதில்லை. முழுக்க லினக்ஸுக்கு மாறுமுன் கல்லூரியில் இதைக் கேட்டுவிடுங்கள்.

ஒரு கணினியில் இரண்டும்

விண்டோஸ் மென்பொருளும் வேண்டும், லினக்ஸும் பழக வேண்டும் என்றால் இரண்டு கணினி வாங்க வேண்டியதில்லை. மிக எளிய வழி, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல். இது 2016-இல் அறிமுகமானது. 2019-இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் பதிப்பில் உண்மையான லினக்ஸ் கெர்னலே ஓடுகிறது. பவர்ஷெல்லில் ஒரே ஒரு கட்டளை கொடுத்துக் கணினியை மறுதொடக்கம் செய்தால் உபுண்டு டெர்மினல் தயார். மேலே சொன்ன ஃபோர்க் நிரல் அதில் ஓடும். முதலாண்டு மாணவர் பெரும்பாலோருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

அடுத்தது விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளில் முழு லினக்ஸ் கணினி ஒன்றையே ஜன்னலுக்குள் ஓட்டுவது. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொள்ள இதைப்போல் வசதி வேறில்லை. பழுதானால் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். இரண்டு இயங்குதளங்களும் நினைவகத்தைப் பங்கிட வேண்டியிருப்பதால் இதற்கு 16 ஜிபி ராம் நல்லது.

மூன்றாவது, வட்டைப் பிரித்து இரண்டையும் அக்கம்பக்கமாக நிறுவும் டூயல் பூட். தமிழகத்தில் இது புதிதல்ல. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கத்தில் மாணவர்கள் கைக்கு வந்த கணினிகளிலேயே விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. டூயல் பூட்டில் இறங்குமுன் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைக்க வேண்டும். விண்டோஸ் வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் வட்டே உங்களுக்குத் திறக்காமல் போகலாம்.

டூயல் பூட் செய்த பலரையும் குழப்பும் ஒன்று, கடிகாரம். லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் நேரம் சரியாக 5 மணி 30 நிமிடம் பின்தங்கியிருக்கும். பழுது ஒன்றுமில்லை. தாய்ப்பலகையில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உலக நேரத்துக்கும் உள்ள இடைவெளிதான் அந்த ஐந்தரை மணி நேரம். லினக்ஸில் ஒரு சிறிய அமைப்பை மாற்றினால் தீர்ந்துவிடும்.

நண்பர்களோடு பகிரும்போது

குழுவாகப் புராஜெக்ட் செய்யும்போது இயங்குதள வேறுபாடு எதிர்பாராத இடத்தில் தலைகாட்டும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும் கோப்பும், அதே பெயர் சிறிய எழுத்தில் தொடங்கும் கோப்பும் லினக்ஸுக்கு இரண்டு வேறு கோப்புகள். விண்டோஸுக்கும் மேக்குக்கும் வழக்கமான அமைப்பில் அவை ஒன்றே. விண்டோஸில் சரியாக ஓடிய இணையதளம் லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் படங்கள் காணாமல் நிற்பதற்குப் பல சமயம் இதுவே காரணம். கோப்புப் பெயர்கள் எல்லாவற்றையும் சிறிய எழுத்திலேயே, இடைவெளி இல்லாமல் வைப்பதை முதல் நாளிலேயே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வரி முடிவும் அப்படித்தான். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு குறிகளை இடுகிறது, லினக்ஸும் மேக்கும் ஒன்றை மட்டும் இடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூடுதல் குறியால் லினக்ஸில் ஷெல் நிரல் முதல் வரியிலேயே நின்றுவிடும். விஎஸ் கோடு போன்ற எடிட்டர்களில் இதை ஒரே சொடுக்கில் மாற்றலாம். பென்டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்தால் மூன்றிலும் படிக்கலாம், எழுதலாம். என்டிஎஃப்எஸ் வடிவில் இருந்தால் மேக்கில் படிக்க மட்டுமே முடியும்.

நான்கு ஆண்டு தாங்குமா?

பாதுகாப்புத் திருத்தங்கள் வராத இயங்குதளத்தை இணையத்தோடு இணைத்து வைத்திருப்பது ஆபத்து. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப்பும், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறைப் பிராசஸரும் வேண்டும். அண்ணனோ அக்காவோ பயன்படுத்திய பழைய லேப்டாப் இந்த வரம்புக்குள் வராமல் போகலாம். இன்டெல் சிப் உள்ள பழைய மேக்கைக் குறைந்த விலைக்கு வாங்க நினைப்பவர்களும் யோசிக்க வேண்டும். அவற்றுக்கு மேக் ஓஎஸ் டஹோவே கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு ஐந்து ஆண்டுகள் இலவசத் திருத்தம் உண்டு. 2024 ஏப்ரலில் வந்த 24.04 பதிப்புக்கு அது 2029 வரை வரும்.

பணத்தை மிச்சப்படுத்தக் கிராக் செய்த விண்டோஸையோ ஆட்டோகேடையோ நிறுவாதீர்கள். பூட்டை உடைத்துத் தருகிற அந்தச் சிறிய நிரல், கணினியில் முழு உரிமையோடு ஓடுகிறது. அதற்குள் வேறென்ன ஒளிந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் தன் மென்பொருள்களை இலவசமாகவே தருகிறது. பல கல்லூரிகளில் மேட்லேப் உரிமம் மாணவர்களுக்கும் சேர்த்தே வாங்கப்படுகிறது. கல்லூரி மின்னஞ்சல் முகவரி கிடைத்ததும் இவற்றைக் கேட்டுப் பெறுங்கள்.

வசதியைப் பொறுத்து அவசரப்படாமல் முடிவெடுக்கலாம். முடிந்தால் முதல் சில வாரம் பொறுத்திருந்து, உங்கள் துறையின் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடமோ ஆய்வக உதவியாளரிடமோ எந்தெந்த மென்பொருள் வேண்டும் என்று ஒரு பட்டியல் வாங்குங்கள். அதில் விண்டோஸுக்கு மட்டுமே வருவது ஒன்று இருந்தாலும், விண்டோஸ் கணினி வாங்கி லினக்ஸை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், கையில் உள்ள பணமும் பிடித்தமும் முடிவு செய்யட்டும்.

புதிய கணினிக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11 ஏற்காத பழைய லேப்டாப்பில் எட்டு ஜிபி ராம் இருந்தால், லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ நிறுவி, சி, பைத்தான், ஜாவா, தரவுத்தளம், வலை நிரலாக்கம் எல்லாவற்றையும் கற்க முடியும். வேலைக்குப் போகும் இடத்தில் சர்வர்களில் ஓடுவதும் பெரும்பாலும் இதே லினக்ஸ்தான். பக்கத்து இருக்கையில் புத்தம்புது மேக் இருக்கிறதே என்று கூச வேண்டியதில்லை. கெர்னலின் ஒவ்வொரு வரியையும் திறந்து படிக்கும் உரிமை உங்கள் கணினியில் இருக்கிறது. கணினி அறிவியல் படிக்க வந்தவருக்கு அதைவிடப் பெரிய வசதியை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.